நடுக்கமானிக்கு மூன்று வயது

சாவிலிக் ஊரில் முதன்முதலாகப் பதிவான நிலநடுக்கம், நிறுவனத்தின் தலைவர் ஹெலிகாப்டரிலிருந்து இறங்கியதுதான்.

அந்த நடுக்கத்துக்குக் கருவி வரைந்த கோட்டைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு, நிலநடுக்கத்தைக் கண்காணிக்கும் அந்த நிறுவனத்தின் கோபன்ஹேகன் தலைமையகத்தின் வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார்களாம். ‘துருவக் கண்காணிப்பில் எங்கள் முதல் வெற்றி’ என்று கீழே எழுதியிருக்கிறதாம். இதை ஏனோக்கிடம் சொன்னவள் லிஸ்பெத். தலைமையகத்தில் தொலைபேசி எடுப்பவள். “அது ஹெலிகாப்டர்னு இங்க எல்லாருக்கும் தெரியும். ஆனா சட்டம் போட்டு மாட்டிட்டாங்க, இனி கழட்ட முடியாது” என்றாள்.

துருவக் கடலோரத்திலிருந்த அந்த ஊரில் நாற்பத்தொரு பேர். ஒரு கடை, ஒரு சிறிய தேவாலயம், கரையோரம் மூன்று வீடுகள், மற்றவை சரிவில். எதிரே, மலைகளுக்கு நடுவே நீண்டு நுழைந்த கடற்கழியின் மறுகரையில் ஒற்றைப்பல் மலை. ஊருக்குப் பின்னால் மேட்டின் உச்சியில், வெறும் பாறையில் திருகி இறுக்கிய மரக்குடிசைக்குள் நடுக்கமானி இருந்தது. அதைப் பார்த்துக்கொள்ளும் வேலை ஏனோக்குக்கு. மீன் பிடிப்பது, ஞாயிற்றுக்கிழமை மணியடிப்பது, சபையில் வேதம் வாசிப்பது ஆகியவற்றோடு இதுவும் ஒன்று. குடிசைமேல் விழும் பனியைத் தள்ள வேண்டும், மின்கலத்தைப் பார்க்க வேண்டும், வாரம் ஒருமுறை அறிக்கைப் பாரத்தை நிரப்பி அனுப்ப வேண்டும். எளிய வேலை என்று நம்பித்தான் கையெழுத்துப் போட்டான்.

கருவி மிகவும் நுட்பமானது என்று தலைவர் தோர்கில் ராவன்ஹோல்ட் திறப்பு விழாவில் சொன்னார். ஜப்பானில் நிலம் அசைந்தால் சாவிலிக்கில் தெரியுமாம். ஜப்பான் அசைந்ததோ இல்லையோ, கரையோர வீட்டுக் கராலியின் சறுக்குவண்டி நாய்கள் பதினொன்றும் சாப்பாட்டு நேரத்தில் துள்ளியது தெரிந்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடப் படியிலிருந்து குதித்தது தெரிந்தது. ஞாயிறு காலை மணியடித்ததும் தெரிந்தது. வாராவாரம் சரியாக அதே நேரத்துக்கு வரும் அபூர்வமான நடுக்கம் என்று அதைப் பற்றித் தலைமையகத்தில் ஒருவர் கட்டுரை எழுதத் தொடங்கிவிட்டார். உண்மை தெரிந்ததும் அவர் மனம் உடைந்து நீண்ட விடுப்பில் போனார்.

அதன் பிறகுதான் பதினேழு-ஆ பாரம் வந்தது. ‘நிலநடுக்கம் அல்லாத அசைவுக்கான விளக்கம்.’ அசைந்தது யார், எதற்காக, இனி அசையாமலிருக்க எடுத்த நடவடிக்கை என்ன என்று மூன்று பத்திகள். ஒரு தடவை பனிக்கரடி ஒன்று குடிசைச் சுவரில் முதுகைத் தேய்த்துவிட்டுப் போனது. ‘எதற்காக’ என்ற இடத்தில் ஏனோக் நேர்மையாக ‘முதுகு அரிப்பு’ என்று எழுதினான். மருத்துவச் சான்று இணைக்கப்படவில்லை என்று பாரம் திரும்பி வந்தது.

பிறகு உத்தரவுகள் வந்தன. குடிசையிலிருந்து இருநூறு மீட்டருக்குள் நாய் வரக் கூடாது. ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு மேல் ஏறக் கூடாது. பிள்ளைகள் குதிப்பதாக இருந்தால் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும். தேவாலய மணியை அடிக்கலாம், ஆனால் சத்தம் வரக் கூடாது. ஏனோக் மணியின் நாக்கில் சீல் விலங்கின் தோலைச் சுற்றிக் கட்டினான். ஞாயிறு காலையில் அது தொப், தொப் என்றது, யாரோ தலையணையை அடிப்பது போல. ஞாயிறு என்று தெரிந்திருந்ததால் சனங்கள் எப்படியும் வந்தார்கள்.

ஒவ்வொரு உத்தரவையும் வீடு வீடாகப் போய் வாசித்துக் காட்ட வேண்டியது ஏனோக்கின் பொறுப்பு. முதல் வருஷம் ஊர் கேட்டுக்கொண்டது. இரண்டாம் வருஷம் சிரித்தது. மூன்றாம் வருஷம் அவன் கையில் காகிதத்தோடு வருவதைப் பார்த்தாலே கதவைச் சாத்தியது. மேட்டடியில் கட்டியிருந்த நாய்களை உத்தரவின்படி கரைக்கு இறக்க வேண்டி வந்ததிலிருந்து கராலி அவனோடு சரியாகப் பேசுவதில்லை. எதிரில் பார்த்தால் மட்டும் கேட்பான்.

“என்ன ஏனோக்கு, இன்னைக்கு என் நாய்ங்க மூச்சு விடலாமா? இல்ல, கோபன்ஹேகன்ல கேட்டுத்தான் சொல்லுவியா?”

“அண்ணே, நான் என்ன செய்யறது, மேலேருந்து எழுதியிருக்காங்க.”

“மேலேருந்துன்னா? பரலோகத்துலேருந்தா? கையெழுத்தைக் காட்டு பாப்போம்.”

அக்டோபர் கடைசியில் ஒரு புதன்கிழமை, ஏனோக் வீட்டு அலமாரியில் கோப்பைகள் தாமாகவே ஒன்றோடொன்று உரசின. நாய்கள் துள்ளவில்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். மேட்டில் ஏறிக் கருவியின் திரையைப் பார்த்தான். மூன்று வருஷமாக அவன் பார்த்த கோடுகள் எல்லாம் முள்முள்ளாகக் குத்தி அடங்கிவிடும். இது அடங்கவில்லை. தாழ்வாக, நீளமாக, குளிரில் பல் நடுங்குவது போல ஓடிக்கொண்டே இருந்தது.

தொலைநோக்கியை எடுத்து எதிர்க்கரையைப் பார்த்தான். ஒற்றைப்பல் மலையின் தோளில், புதிதாக விழுந்த பனிக்கு நடுவே கறுப்பாக ஒரு பிளவு. ஒரு படகு நுழையும் அளவு. வியாழக்கிழமை காலையில் இரண்டு படகுகள் அருகருகே நுழையும் அளவு ஆகியிருந்தது. அந்த மலையிலிருந்து கல் விழுவது ஊருக்குப் புதிதல்ல, அதனால் வேறு யாரும் தலை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆனால் அந்தத் தோள் மொத்தமாகச் சரிந்தால் கடற்கழியின் தண்ணீர் எல்லாம் எழுந்து இந்தப் பக்கம்தான் வர வேண்டும். வேறு பக்கம் கிடையாது.

ஏனோக் வீட்டிலிருந்து தலைமையகத்துக்குப் போன் செய்தான். லிஸ்பெத் முழுவதையும் கேட்டுவிட்டுத் தன் திரையையும் பார்த்தாள்.

“ஏனோக், உங்க கோடு எனக்கும் தெரியுது. ஆனா நான் சொன்னா யாரு கேப்பா? இருங்க, தலைவர்கிட்டயே பேச வைக்கிறேன்.”

பத்து நிமிஷத்தில் போன் திரையில் தலைவர் தோன்றினார். அவருக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஹெலிகாப்டர் கோடு தெரிந்தது. தலைவர் கோபக்காரர் இல்லை. மிகவும் பொறுமையானவர். அதுதான் கஷ்டம்.

“ஏனோக், உங்க ஆர்வத்தைப் பாராட்டுறேன். ஆனா ஒண்ணு புரிஞ்சுக்கணும். ஆண்டுத் திட்டத்துல சாவிலிக்குக்கு ஒன்பது நடுக்கம்தான் அனுமதிச்சிருக்கோம். நீங்க இந்த வாரத்துல மட்டும் பத்தொன்பது அனுப்பியிருக்கீங்க. மத்த ஊர்க்காரங்க என்ன நினைப்பாங்க?”

“நான் அனுப்பலீங்க. மலை அனுப்புது.”

“மலைக்குத் திட்டம் தெரியாது. உங்களுக்குத் தெரியும். அதனாலதான் உங்களை வச்சிருக்கோம்.”

“ஐயா, பிளவு பெருசாகிட்டே போகுது. சனங்களை மேட்டுக்கு ஏத்தச் சொல்லி ஒரு எச்சரிக்கை குடுங்க.”

தலைவர் சாய்ந்து உட்கார்ந்தார். குரல் கனிந்தது.

“இருபது வருஷமா இந்த நிறுவனத்தை நடத்துறேன். ஒரே ஒரு பொய் எச்சரிக்கைகூட நாங்க குடுத்ததில்ல. உலகத்துல வேற எந்த நிறுவனமும் இப்படிச் சொல்லிக்க முடியாது. எப்படிச் சாதிச்சோம் தெரியுமா?”

“தெரியாதுங்க.”

“எச்சரிக்கையே குடுத்ததில்ல.”

ஏனோக் எதிர்க்கரையைப் பார்த்தான். ஒற்றைப்பல்லின் தோளிலிருந்து புகை போலத் தூசி எழுந்தது.

“எச்சரிக்கைங்கிறது பெரிய பொக்கிஷம், ஏனோக். எடுத்துப் புழங்கினா தேஞ்சுடும். முறைப்படி இன்னும் ரெண்டு நிலையம் உங்க நடுக்கத்தை ஒத்துக்கணும். பக்கத்து நிலையம் அறுநூறு கிலோமீட்டர். அதோட பொறுப்பாளர் வேட்டைக்குப் போயிருக்கார். இன்னொண்ணுல கருவி பழுது. அது பழுதுன்னு முடிவு பண்றதுக்கே குழு செவ்வாய்க்கிழமைதான் கூடுது. அதுவரைக்கும் ஒப்பந்தத்துல ஆறாவது விதியைப் படிச்சுப் பாருங்க. நிலநடுக்கம் பத்தி ஊர்ல எச்சரிக்க நிறுவனத்துக்கு மட்டும்தான் அதிகாரம். நீங்க எச்சரிச்சா நிலையத்தையே மூடிடுவோம். கண்காணிப்பே இல்லாம உங்க ஊர் எவ்வளவு ஆபத்துல இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.”

திரை அணைந்தது. கோப்பைகள் மறுபடி உரசின.

ஏனோக் விதிக்குப் பயந்து சும்மா இருந்துவிடவில்லை. அதை இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அவனே பிற்பாடு அப்படி நினைத்துத் தன்னை நொந்துகொண்டான். அன்று மதியமே கடைக்குப் போய், அங்கே நின்ற எட்டுப் பேரிடம் ஒற்றைப்பல் சரியப் போகிறது, எல்லோரும் மேலே வர வேண்டும் என்று சொன்னான்.

மாவு வாங்க வந்த ஒருத்தி கேட்டாள்: “மேல ரெண்டு பேருக்கு மேல ஏறக் கூடாதுன்னு நீதானே வந்து வாசிச்சே? மிச்சம் முப்பத்தொன்பது பேரு என்ன, பறந்து நிக்கணுமா?”

கடையே சிரித்தது. கராலியின் மகள் சிரித்துக்கொண்டே, “எங்கப்பா நாய்ங்களை அங்கேருந்து கீழ இறக்கச் சொன்னீங்க. இப்ப எங்களை மேல ஏறச் சொல்றீங்க. அடுத்த வாரம் நடுவுல நிக்கச் சொல்லுவீங்களா மாமா?” என்றாள்.

அவர்கள் கெட்டவர்கள் அல்ல. மூன்று வருஷமாக அவன் வாயிலிருந்து வந்தது எல்லாம் நிறுவனத்தின் குரல். இன்று அவன் குரலே வந்தபோது அவர்களுக்கு அடையாளம் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தான், எழுந்தான், ஜன்னலுக்குப் போனான், திரும்பி வந்தான். அடுப்படியில் மனைவி ரெகினே பார்த்துக்கொண்டே இருந்தாள். முப்பது வருஷம் அவனோடு வாழ்ந்தவள்.

“என்னங்க, தரை தேய்ஞ்சுடப் போகுது. உங்க காலடியையும் அந்த மிஷின் பிடிச்சுப் பாரம் கேக்கும்.”

“சொன்னா யாரும் கேக்க மாட்டேங்கிறாங்க ரெகினே. ஜெபம் பண்ணினேன். அதுக்கும் பதில் வரல.”

“என்ன கேட்டு ஜெபம் பண்ணினீங்க?”

“தலைவரோட மனசை மாத்தணும்னு.”

“கர்த்தருக்கு ஏன் அவ்வளவு பெரிய வேலை குடுக்குறீங்க?” என்று சொல்லிவிட்டு ரெகினே அடுப்பை ஊதினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். “எச்சரிக்கக் கூடாதுன்னுதானே எழுதியிருக்கு. காபிக்குக் கூப்பிடக் கூடாதுன்னு எந்த பாரத்துல இருக்கு?”

ஏனோக் நின்றான்.

“அந்த மிஷினை எப்ப கொண்டாந்து வச்சாங்க? மூணு வருஷத்துக்கு முன்னாடி, இதே அக்டோபர் முடிவுல. நாளைக்கு அதுக்கு மூணு வயசு. பிறந்தநாள்னா காபி போட வேணாமா?”

அந்தக் கரையில் யாராவது பிறந்தநாள் காபிக்குக் கொடி ஏற்றிவிட்டால் போதும். காய்ச்சலில் கிடப்பவனும் எழுந்து வருவான். பேசிக்கொள்ளாத இரண்டு வீட்டாரும் ஒரே மேசையில் கேக் வெட்டிக்கொள்வார்கள். உத்தரவை மீறியவர்கள் அந்த ஊரில் நிறையப் பேர். காபிக்கு வராமல் இருந்தவர் இதுவரை ஒருவரும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஏனோக் கையில் காகிதம் இல்லாமல் ஊரைச் சுற்றினான். “மேட்டுல காபி. பன்னெண்டு மணிக்கு. மிஷினுக்குப் பிறந்தநாள்” என்று மட்டும் சொன்னான். அதற்கும் சிரித்தார்கள். ஆனால் இது வேறு சிரிப்பு. கதவை யாரும் சாத்தவில்லை. மாவு வாங்கியவள் கதவைப் பிடித்துக்கொண்டு, “அதுக்கு என்ன அளவு தொப்பி?” என்று கேட்டாள்.

பிளவு இப்போது ஒரு வீடு நுழையும் அளவு ஆகியிருந்தது.

பன்னிரண்டு மணிக்குள் ஊர் மேட்டில் இருந்தது. ரெகினே ஐந்து கேக் செய்திருந்தாள். மற்றவர்கள் உலர்ந்த மீன், மென்று தின்னத் திமிங்கிலத் தோல், கொதிக்கும் காபிக் குடுவைகளைத் தூக்கி வந்தார்கள். பிறந்தநாள் என்றால் வெறுங்கையோடு வரக் கூடாதே. நடுக்கமானிக்குப் பரிசாக இரண்டு கம்பளித் தொப்பி, ஒரு ஜோடி காலுறை, பிள்ளைகள் வரைந்த ஒரு கரடிப் படம் கிடைத்தன. கரடி முதுகைச் சொறிந்துகொண்டிருந்தது.

ஏனோக் தலைகளை எண்ணினான். நாற்பது. மறுபடியும் எண்ணினான். கராலி இல்லை.

“அப்பாவுக்குப் போன வாரம் படகுல கால் பிசகிடுச்சு மாமா. ஏற முடியாது. ‘எனக்குப் பதிலா ஒரு துண்டு கேக் கொண்டா’ன்னு சொல்லிட்டார்” என்றாள் மகள்.

கராலியின் வீடு கரையோரத்தில், தண்ணீருக்கு முதல் வீடு. ஏனோக் ஓடினான். வழுக்கி விழுந்து எழுந்து ஓடினான். கதவைத் தட்டாமல் உள்ளே போனான்.

“அண்ணே, எழும்புங்க.”

“கால் இந்த அழகுல இருக்கு. போடா.”

“உங்க நாய்ங்களைச் சறுக்குவண்டியில பூட்டுறேன். வண்டியில உக்காருங்க.”

கராலி அவனை ஏற இறங்கப் பார்த்தான். “நாய் மேல போகலாமா? இருநூறு மீட்டர்? பாரம் யாரு எழுதறது?”

“நான் எழுதறேன். பதினொரு நாய்க்கும் பதினொரு பாரம். நாய்ங்களைக் கீழ இறக்கச் சொன்னது தப்புதான் அண்ணே. மன்னிச்சுக்கங்க. இப்ப எழும்புங்க, காபி ஆறுது.”

கராலி போர்வையை விலக்கினான். பிறகு கையை நீட்டினான். “முன்னாடி அந்தக் கறுப்பு நாயைப் பூட்டு. அதுக்குத்தான் மேடு பழக்கம்.”

நாய்கள் மூன்று வருஷமாகத் தடுக்கப்பட்ட பாதையைப் பார்த்ததும் ஊளையிட்டுக்கொண்டு பாய்ந்தன. சறுக்குவண்டி மேட்டில் ஏறியதும் சனங்கள் கை தட்டினார்கள். குளிருக்கு யாரோ அக்கார்டியன் பெட்டியை எடுத்தார்கள், துள்ளி ஆடும் போல்கா நடன இசையை வாசித்தார்கள். ஊர் ஆடத் தொடங்கியது. நாற்பத்தொரு பேரில் கராலி தவிர எல்லோரும் பாறையில் கால் தட்டினார்கள். கராலி வண்டியில் உட்கார்ந்தபடி ஊன்றுகோலால் தட்டினான்.

ஏனோக்கின் போன் அடித்தது. லிஸ்பெத்.

“ஏனோக்! இங்க திரை முழுக்க சிவப்பு! நிறுவன வரலாற்றுலயே இவ்வளவு பெரிய கோடு வந்ததில்ல. சாவிலிக் நிலையத்துக்கு நேர் அடியிலன்னு காட்டுது. தலைவர் எழுந்தே நின்னுட்டார். ஹெலிகாப்டர் கோட்டைவிட அழகா இருக்குங்கிறார். ரெண்டு நிலையம் எதுவும் வேணாம்னு முதல் எச்சரிக்கையில கையெழுத்துப் போட்டுட்டார்! எல்லாரும் உடனே மேட்டுக்குப் போங்க!”

“மேட்டுலதான் இருக்கோம்மா.”

“எல்லாருமா?”

“நாற்பத்தொண்ணும். நாய்ங்களும்.”

“எப்படி? எதுக்கு?”

“காபி குடிக்க.”

மறுமுனையில் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு அவள் குரல் தாழ்ந்தது. “ஏனோக், அப்படின்னா இந்தக் கோடு…”

“போல்கா.”

லிஸ்பெத் சிரித்தாளா அழுதாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. “நான் ஒண்ணும் கேக்கல. யாருகிட்டயும் சொல்லவும் மாட்டேன். நிறுத்தாம ஆடுங்க” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

ஆறு நிமிஷம் கழித்து நாய்கள் எல்லாம் ஒரே நேரத்தில் படுத்தன. அக்கார்டியன் நின்றது. எதிர்க்கரையில் ஒற்றைப்பல்லின் தோள், யாரோ கைப்பிடியை விட்டது போல, சத்தமில்லாமல் இறங்கியது. சத்தம் பிறகு வந்தது. அதற்குப் பிறகு தண்ணீர் வந்தது. கடற்கழியின் பாதி எழுந்து நின்று நடந்து வந்தது போல இருந்தது. கரையோரத்து மூன்று வீடுகளும் படகுகளும் மீன் காயப்போடும் கட்டைகளும் அதற்குள் போயின. கராலியின் வீட்டுக் கதவு மட்டும் சிறிது நேரம் மேலே மிதந்தது, திறந்தபடியே.

ரெகினே கையில் காபிக் குடுவையை இறுக்கிப் பிடித்திருந்தாள். ஏனோக் தலைகளை எண்ணினான். நாற்பத்தொன்று. எப்போதும் அவன் நினைவில் நிற்காத வேதத்தின் சங்கீத வசனம் ஒன்று அன்று வந்தது. ஆனால் வாயைத் திறந்தால் அழுகை வரும் என்று காலிக் கோப்பையை நீட்டினான். மாவு வாங்கியவள் அதை நிரப்பினாள்.

நிறுவனத்தின் அறிக்கை இரண்டு வாரத்தில் வெளியானது. பேரலைக்கு ஆறு நிமிஷம் முன்பே எச்சரித்து ஒரு ஊரையே காப்பாற்றியதற்காகத் தலைவருக்குப் பதக்கம் கிடைத்தது. ஏற்புரையில் அவர், “முதல் எச்சரிக்கையைக் குடுக்க இருபது வருஷம் பொறுமையாக் காத்திருந்தோம். அந்தப் பொறுமைக்குத்தான் இந்தப் பதக்கம்” என்றார். போல்காவின் கோட்டை ஹெலிகாப்டர் கோட்டுக்குப் பக்கத்தில் மாட்டினார்கள். மலை சரிந்தபோது வந்த கோட்டை என்ன செய்வது என்று குழு விவாதித்தது. ஒரு நாளைக்கு ஒரு ஊரில் ஒரு பெரிய நடுக்கத்துக்குத்தான் இடமுண்டு. எனவே அது நிலநடுக்கம் அல்லாத அசைவு என்று தீர்மானித்து, ஏனோக்குக்குப் பதினேழு-ஆ பாரம் அனுப்பினார்கள். அதோடு, குடிசைக்கு அருகே நாற்பத்தொரு மனிதர்களும் பதினொரு நாய்களும் அனுமதியின்றிக் கூடியது பற்றியும் விளக்கம் கேட்டிருந்தார்கள். உறையின் அடியில் லிஸ்பெத்தின் கையெழுத்தில் ஒரு சிறு காகிதத் துண்டு இருந்தது: ‘மிஷினுக்கு என் வாழ்த்து. தாமதத்துக்கு மன்னிக்கணும்.’ துண்டோடு ஒரு ஜோடி குழந்தைக் கையுறையும் இருந்தது.

உறை வந்த ஞாயிறு ஏனோக் மணியின் நாக்கிலிருந்து சீல் தோலை அவிழ்த்தான். மணி மூன்று வருஷத்துக்குப் பிறகு மணி போலவே ஒலித்தது. ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து, சமையலறை மேசையில் பாரத்தை விரித்தான். வீடு போன கராலி இப்போது சரிவிலிருந்த அவர்கள் வீட்டில்தான் இருந்தான். காலை ஸ்டூலில் நீட்டி வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தான். நாய்கள் மேட்டடியில் பழைய இடத்தில் குரைத்தன.

“என்ன எழுதப் போறே? படிச்சுக் காட்டு.”

முதல் பத்தி, அசைந்தது யார். ஏனோக் ‘மலை’ என்று எழுதினான். கொஞ்சம் யோசித்து, ‘நாங்களும்’ என்று சேர்த்தான். இரண்டாவது, எதற்காக. ‘பிறந்தநாள்.’ மூன்றாவது, இனி இவ்வாறு நடக்காமலிருக்க எடுத்த நடவடிக்கை. பேனாவைக் கடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

“சீக்கிரம் எழுது. காபி ஆறுது” என்றாள் ரெகினே.

ஏனோக் எழுதினான்: ‘வருகிற அக்டோபரில் நான்கு வயது. தலைவரும் வர வேண்டும். ஹெலிகாப்டரில் வந்தாலும் பரவாயில்லை. காபி இருக்கும்.’